வாடே என்று கூப்பிட்ட ரயில்

கொட்டாரங்குளத்தில் அறிவு என்பது மழை மாதிரி. பக்கத்து ஊர்களில் பெய்ததாகக் கேள்வி.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் விமானம் ஏறி நார்வேக்குப் போனார்கள். போனது நல்ல காரியத்துக்குத்தான். தீர்த்தாரப்பனின் மகள் குழல்வாய்மொழி அங்கே பெர்கன் என்கிற ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே மயூரன் என்று ஒரு பையனைப் பார்த்து, பிடித்து, இரண்டு வருஷம் யோசித்து, வீட்டிலும் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நிச்சயதார்த்தம். திங்கட்கிழமை மயூரன் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். விட்டால் ஆறு மாதம் ஆகும்.

மயூரனின் தகப்பனார் தில்லையம்பலம் பழைய பழக்கத்து ஆள். பெண்ணைப் பெற்றவர் சபையில் எழுந்து நின்று, “என் பெண்ணை உங்கள் வீட்டுக்குத் தருகிறேன்” என்று வாயால் சொன்னால்தான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்.

வாக்கு விஷயத்தில் தீர்த்தாரப்பனைக் குறை சொல்லவே முடியாது. பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்று வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டு, ஒரே சீட்டில் மூன்று பேருக்கும் முத்திரை குத்தி வாக்கைக் காப்பாற்றியவர்.

கூட வந்தவர்களில் ஒருத்தி அவருடைய அக்கா உலகம்மை. அவள் புருஷன் சொரிமுத்து, வெளியூரிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்தபோது கொஞ்சம் விவரமாக இருந்தாராம், ஊர்த் தண்ணீர் குடித்துக் குடித்துச் சரியாகிவிட்டார். நாலாவது ஆள் பங்காளி சங்கிலிபூதம். பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர். அதனால் ஊரில் எல்லோரையும்விட மூன்று மடங்கு படித்தவர் என்று பெயர்.

பதினெட்டு மணி நேரப் பயணத்தில் நாலு பேரும் மாப்பிள்ளையின் குலம், கோத்திரம், தாத்தாவின் தொழில், பெரியப்பாவின் மூலவியாதி வரை அலசி முடித்தார்கள். அவனைப் பெண்ணுக்கு ஏன் பிடித்தது என்று கேட்க மட்டும் நேரம் போதவில்லை.

சனிக்கிழமை காலையில் குழல் மண்டபத்தை அலங்கரிக்கப் போனாள். பூச்சரம் கட்டக் கொடுத்த நாற்காலியில் சொரிமுத்துவைக் கட்டி வைத்திருந்தார்கள். “மாமாவையும் சேத்துக்கிட்டு நாற்காலியில கட்டுங்கன்னு நீதானம்மா சொன்ன” என்றார் அவர். குழலுக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் சாயங்காலம் வரை எங்கேயாவது போய்விட்டு வந்தால்தான் நிச்சயம் நடக்கும்.

நார்வேயில் அதற்கு வசதி இருக்கிறது. காலையில் ரயில், அப்புறம் மலை இறங்கும் சின்ன ரயில், அப்புறம் படகு, பஸ், மறுபடி ரயில் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வந்துவிடலாம். அன்றைக்கு முழுக்க எதிலும் ஏறலாம் என்று ஒரு சீட்டும் உண்டு. அதை வாங்கிக் கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

‘மிர்தாலில் ரயில் மாறணும். ஃப்ளாமில் படகைப் பிடிக்கணும், விட்டுறக் கூடாது. குட்வாங்கெனில் இறங்கி பஸ். வோஸில் இறங்கி ரயில். பொழுது சாயுறதுக்குள்ள வந்துரணும்.’

அவசரத்தில் எழுதினாள் பாவம். அந்த ஊரில் ஜூன் மாதம் பொழுது சாய ராத்திரி பதினொரு மணி ஆகும் என்பதை மறந்துபோனாள்.

ஸ்டேஷனில் உலகம்மை எல்லோரையும் நிறுத்தினாள். “இந்தா பாருங்க. நல்ல நாளும் அதுவுமா யாருட்டயும் ‘போறோம்’னு சொல்லக் கூடாது. ‘போயிட்டு வாரோம்’னுதான் சொல்லணும்.”

“சொன்னா மட்டும் போதாதுக்கா” என்றார் தீர்த்தாரப்பன். “சொன்னா வரணும். காலையில பொய் சொன்ன நாக்கு சாயங்காலம் எப்படி வாக்குக் குடுக்கும்?”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ரயில் கிளம்பியது.

ஜன்னலுக்கு வெளியே மலை தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நின்றது. தண்ணீர் மலைக்குள் வளைந்து வளைந்து போனது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போகும் காட்சி.

“இவ்வளவு தண்ணி கிடக்கு, ஒரு பய நாத்து நடலையே” என்றார் சொரிமுத்து. “சோம்பேறி ஊரு.”

“அது கடல் அத்தான்” என்றார் சங்கிலிபூதம். “வழி தெரியாம மலைக்குள்ள வந்துட்டு. திரும்பிப் போகத் தெரியாம நிக்கி.”

“ஐயோ பாவம்” என்றாள் உலகம்மை. “யாருட்டயாவது கேட்டிருக்கலாம்லா.”

இரண்டு மணி நேரத்தில் மிர்தால் வந்தது. மலை உச்சியில் ஒரு ஸ்டேஷன், அதைச் சுற்றிப் பனி. பெட்டியே காலியாகிவிட்டது. நம்முடைய நாலு பேர் மட்டும் அசையவில்லை.

“இறங்கணுமா அண்ணாச்சி?”

தீர்த்தாரப்பன் தாளை எடுத்துப் பார்த்தார். “மிர்தால்ல ரயில் மாறணும்னு எழுதியிருக்கா.”

“ரயில்தான மாறணும்?” என்றார் சொரிமுத்து. “அது மாறட்டும். நம்ம எதுக்கு எந்திரிக்கணும்?”

நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் ரயில் மாறுவதை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறம் மாறுமா, நீளம் மாறுமா என்று சங்கிலிபூதத்துக்கு மட்டும் சந்தேகம் இருந்தது.

டிக்கெட் பார்க்கும் பெண் வந்தாள். மஞ்சள் முடி, மூக்குக்கண்ணாடி. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆளையும் பையையும் தானே பிடித்து இறக்கினாள். மணி அடித்தது. சங்கிலிபூதம் தன்னுடைய மூன்று வருஷப் படிப்பையும் திரட்டி, “மேடம், வீ கோ அண்ட் கம்” என்றார்.

அவள் சிரித்துக் கையை ஆட்டி, “ஹா டே!” என்றாள். அந்த ஊரில் விடைபெறும்போது சொல்கிற சொல் அது. கதவு மூடிக்கொண்டது.

“என்னவே சொல்லுதா?”

“வாடேன்னு சொல்லுதா, அண்ணாச்சி.”

தீர்த்தாரப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்பத்தெட்டு வயசு எனக்கு. நாளைக்கு ஒருத்தனுக்கு மாமனாரு. என்னையப் பாத்து வாடேங்காளா?”

“கோவப்படாதீய மாப்ளே” என்றார் சொரிமுத்து. “உரிமையில சொல்லுதா. நம்ம வாரோம்னு சொன்னோம், அவ வாடேன்னுட்டா. அவ்வளவுதான்.”

“அவளுக்கு எப்படித் தமிழு?”

சங்கிலிபூதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூத்த மொழி அக்கா. ஒரு காலத்துல இங்க பூரா நம்மாளுதான் இருந்திருக்கான். பனி பெஞ்சு பெஞ்சு ‘வா’ உறைஞ்சு ‘ஹா’ ஆயிட்டு.”

நாலு பேருக்கும் புல்லரித்தது. உள்ளூரில் ‘வாடே’ என்று கூப்பிட்டவனை வெட்டப் போனவர்கள், வெளிநாட்டுக்காரி கூப்பிட்டதும் இனப்பெருமை அடைந்தார்கள்.

“இப்ப நம்ம இங்க வரணும்” என்றார் தீர்த்தாரப்பன்.

“இங்கதான நிக்கோம்?”

“நிக்கது வாரதாகுமா வே? போனாத்தான் வர முடியும். முதல்ல போவோம்.”

திரும்பி வருவதற்காகவே சின்ன ரயிலில் ஏறினார்கள். அது மலைச்சரிவில் மெதுவாக இறங்கி, நடுவழியில் ஒரு பெரிய அருவிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றது. சுற்றுலாக்காரர்களுக்காக அங்கே பாட்டுப் போடுவார்கள். சிவப்புப் புடவை மாதிரி ஒன்றை உடுத்திக்கொண்டு ஒரு பெண் பாறை மேல் தோன்றி ஆடுவாள். எல்லோரும் போட்டோ எடுப்பார்கள்.

உலகம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஆத்தா இறங்கிட்டா! தாயே, எங்க பிள்ளைக்கு நிச்சயம் நல்லபடியா நடக்குமா? ஒரு வாக்குச் சொல்லு!”

பாறை மேல் ஆடிய பெண், பாட்டு முடிந்ததும் இரண்டு கையையும் அகல விரித்தாள். பிறகு மறைந்துவிட்டாள்.

“போச்சு” என்றார் சொரிமுத்து. “கையை விரிச்சுட்டா.”

ரயில் மறுபடி கிளம்பியது. தீர்த்தாரப்பனுக்கு வியர்த்தது. “எதுல குறை வச்சோம்? இன்னைக்கு ஒரு வாக்கு தப்பக் கூடாது வே. ஒண்ணு தப்புனாலும் என் மக வாழ்க்கை போயிரும்.”

ஃப்ளாம் என்பது தண்ணீர் ஓரத்து ஊர். படகுத்துறை பக்கத்திலேயே ஒரு காப்பிக் கடை. படகு எது என்று கடைக்காரனிடம் கேட்டார்கள். அதோ என்று காட்டினான். “போயிட்டு வாரோம்” என்றார்கள். “ஹா டே” என்றான் அவன்.

“இவனும் கூப்பிட்டுட்டான்” என்றார் சங்கிலிபூதம் கவலையாக.

“வரிசைப்படி போவோம். மொதல்ல கூப்பிட்டவ மேல இருக்கா” என்றார் தீர்த்தாரப்பன்.

படகு ஒரு பக்கம் கிளம்ப, இவர்கள் இன்னொரு பக்கம் சின்ன ரயிலைப் பிடித்து மறுபடி மலை ஏறினார்கள். மிர்தாலில் மஞ்சள் முடிக்காரி இல்லை. ஒரு பெஞ்சுதான் இருந்தது. “வந்துட்டோம்” என்று நாலு பேரும் பெஞ்சிடம் சொன்னார்கள். ஒரு மணி நேரம் குளிரில் உட்கார்ந்து, கிளம்பும்போது சொரிமுத்து வாய் தவறி அதனிடமும், “போயிட்டு வாரோம்” என்றார்.

“யாருட்ட சொன்னிய?” என்று பதறினாள் உலகம்மை.

“பெஞ்சுட்டதான்டீ.”

“பெஞ்சு வாடேன்னுதா?”

நாலு பேரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். பெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று ரயில் ஏறினார்கள்.

கீழே காப்பிக் கடைக்காரனிடம் போய், “வந்துட்டோம்” என்றார்கள். அவன் நாலு காப்பி கொடுத்தான். குடித்துவிட்டு, “போயிட்டு வாரோம்.” “ஹா டே.” பத்தடி நடந்து திரும்பி வந்தார்கள். “வந்துட்டோம்.” நாலு காப்பி. “போயிட்டு வாரோம்.” “ஹா டே.” மறுபடி பத்தடி. மூன்றாவது தடவை அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். ‘வாடே’ வராததால் விடுதலை ஆனார்கள். அதற்குள் மணி மூன்று.

குழல் போனில் கூப்பிட்டாள். “அப்பா, எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கோம்மா.”

இதில் பொய் இல்லை. காலையிலிருந்து அவர்கள் போனதைவிட வந்ததுதான் அதிகம்.

அடுத்த படகு வந்தது. தீர்த்தாரப்பன் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “படகைப் பிடிக்கணும். விட்டுறக் கூடாது. கவனமாப் பிடிங்க.”

நாலு பேரும் ஏறி, ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். படகு மலைகளுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிக்கு மேலிருந்து அருவி நூல் நூலாக இறங்கியது. மற்றவர்கள் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். உலகம்மைக்கு மூக்கு அரித்தது.

“இவியளே, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க.”

“கையை எடுத்தா படகு போயிரும்டீ.”

“அப்ப என் ஒரு கைக்கும் சேத்து நீங்க பிடிச்சிக்கிடுங்க.”

“ஏற்கெனவே எங்கிட்ட ரெண்டு கை இருக்கு, மூணாவது எப்படிப் பிடிக்க?”

கடைசியில் அரிப்பெடுத்த மூக்கைப் புருஷனுடைய தோளில் தேய்த்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதைப் பார்த்து உருகி, படம் பிடித்துக்கொண்டார்கள்.

கொண்டுவந்த கட்டுச்சோற்றையும் பிரிக்கவில்லை. குட்வாங்கெனில் எல்லோரும் இறங்கிய பிறகும் பிடி விடவில்லை. இரண்டு பேர் வந்து விரல் விரலாகக் கழற்றிவிட்டார்கள். “விட்டது நாங்க இல்ல, பாத்துக்கிடுங்க” என்று சங்கிலிபூதம் சாட்சிக்குச் சொல்லி வைத்தார்.

பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேரும் தூங்கிவிட்டார்கள்.

வோஸ் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஆறரை. பெர்கன் போகிற ரயில் தயாராக நின்றது. ஏறினால் ஏழே முக்காலுக்குப் போய்விடலாம். கொஞ்சம் தாமதம்தான், சமாளிக்கலாம். தீர்த்தாரப்பன் படியில் காலை வைத்தார். கதவோரத்தில் நிற்கிறாள் மஞ்சள் முடிக்காரி!

“அவளேதான்!” என்று கத்தினார் சொரிமுத்து. “வந்துட்டோம்மா! மேல வந்தோம், உன்னைய காணல. பெஞ்சுட்ட கேட்டுப் பாரு!”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தாள். நாலு பேரும் கைகூப்பினார்கள். தலையில் இருந்த பாரம் இறங்கியது. வாக்கு நிறைவேறிவிட்டது. வந்த காரியம் முடிந்ததும் என்ன செய்வோம்? முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவோம். “அப்ப வாரோம்மா” என்று சொல்லிவிட்டு நாலு பேரும் பிளாட்பாரத்தில் பின்வாங்கி நின்றார்கள். அவள் ‘ஹா டே’ சொல்வதற்குள் கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

“எவ்வளவு மரியாதையான பொண்ணு” என்றாள் உலகம்மை.

ஏழு மணிக்குக் குழல் கூப்பிட்டாள். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டுப்புடவையில் நின்றபடி அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். “அப்பா, ஏழு மணி ஆச்சு!”

“பதறாதம்மா. வோஸ் ஸ்டேஷன்லதான் நிக்கோம். பொழுது எங்க சாஞ்சிருக்கு? உச்சியில நிக்கி. இந்த ஊருக் கடியாரம் அவசரக்குடுக்கை.”

குழல் கண்ணை மூடித் திறந்தாள். பக்கத்தில் மயூரன் நின்றான். தில்லையம்பலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. “அப்பா, நீங்க எங்கயும் போகாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க. நிச்சயத்தை அங்கேயே வச்சுக்குவோம்” என்றாள்.

ஒரு வாடகை வேனில் பன்னிரண்டு பேரும், பெண்ணும், பழத்தட்டும், பூவும், பாயும் ஏறிக்கொண்டு வோஸுக்கு வந்தார்கள். எட்டரை மணி வெயிலில், பிளாட்பாரத்தில் பாயை விரித்தார்கள். ரயிலுக்கு நின்றவர்கள் சுற்றிக் கூடினார்கள். தீர்த்தாரப்பன் எழுந்து நின்றார். குழல் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பெண்ணை உங்க வீட்டுக்குத் தாரேன். இது என் வாக்கு.”

தட்டு மாறியது. கூடி நின்ற நார்வேக்காரர்கள் கைதட்டினார்கள். குழலுக்குக் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வந்தது.

வேனில் நாலு பேருக்கு இடமில்லை. “ஒன்பது அஞ்சுக்கு ரயில் வரும்ப்பா. அதுதான் கடைசி. ஏறிருங்க” என்றாள்.

“ஏறிருவோம்மா.”

தில்லையம்பலம் பெரிய மனிதர். சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்து, “எல்லாம் சந்தோசமா முடிஞ்சுது. அப்ப நாங்கள் போட்டு வாறம், என்ன?” என்று தங்கள் ஊர் வழக்கில் விடைபெற்றுக்கொண்டு வேனில் ஏறினார். வேன் வளைவில் மறைந்தது.

பாயைச் சுருட்டப் போன சங்கிலிபூதத்தைத் தீர்த்தாரப்பன் தடுத்தார். “எதுக்கு வே சுருட்டுத? சம்பந்தி என்ன சொன்னாரு?”

“போட்டு வாறம்னாரு.”

“வாரேன்னு சொன்னவர் வரும்போது நம்ம இங்க இல்லேன்னா என்ன மரியாதை?”

பாயை மறுபடி நன்றாக விரித்தார்கள். ஒன்பது அஞ்சுக்கு ரயில் வந்தது. ஏறுகிறீர்களா என்று ரயில்காரர்கள் கை காட்டிக் கேட்டார்கள். சங்கிலிபூதம் கம்பீரமாக, “வெயிட்டிங்” என்றார். ரயில் போனது.

ஒன்பதரை ஆனது. தீர்த்தாரப்பன் எழுந்து நடக்க ஆரம்பித்தார். “அரை மணி ஆச்சு மாப்ளே” என்றார் சொரிமுத்து, நெருப்பில் நெய் வார்ப்பது மாதிரி. “அந்த மஞ்சமுடிக்காரிக்கு நம்ம எவ்வளவு வாக்குச் சுத்தமா இருந்தோம். இவிய சொந்தக்காரங்க, இப்படிப் பண்ணுதாங்க.”

“ஆத்தா கையை விரிச்சது இதுக்குத்தான்” என்றாள் உலகம்மை.

போன் அடித்தது. “அப்பா, ரயில் ஏறிட்டீங்களா?”

“குழலு, மனசத் தேத்திக்கோ. வாக்குத் தப்புற வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். நிச்சயத்தை முறிச்சாச்சு.”

“என்ன வாக்குப்பா?”

“போயிட்டு வாரோம்னு சொல்லிட்டுப் போனாரு உன் மாமனாரு. இன்னும் வரல.”

குழல் மெதுவாக, “முறிச்சதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“போன்ல சொன்னா மரியாதை இல்லம்மா. வந்ததும் நேர்ல சொல்லுதேன்.”

“ரொம்ப சரிப்பா” என்றாள் குழல். “அவங்க திரும்பி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. அங்கேயே இருங்க. காலையில ஆறு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

தீர்த்தாரப்பன் போனை மடியில் செருகிக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தார். “பாத்தியளா என் பிள்ளைய? முறைன்னா என்னன்னு தெரிஞ்சவ.”

சொரிமுத்து பாயைப் பார்த்தார். ஒரு ஓரமாக நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். “மாப்ளே, வரப்போறது பன்னெண்டு பேரு. முறிக்கத்தான் போறோம்னாலும் வந்தவங்க உக்கார இடம் வேணும்லா?”

அது சரிதான் என்று நாலு பேரும் எழுந்து, துண்டால் பாயைத் தட்டிவிட்டு, பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்கள்.